ஒரு ஏ-ஆர்முக்கு 70 சதவீதம்

2023 பட்ஜெட்டில் பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்கவரி 60 சதவீதத்திலிருந்து 70 ஆகிவிட்டது. 2020-இல் 20-இலிருந்து 60-க்கு ஏறியபோதே நம்மில் பலர் புது ரிமோட் கண்ட்ரோல் வண்டி வாங்குவதை நிறுத்தியிருந்தோம். கிலுகிலுப்பையும் கரடி பொம்மையும் வரும் அதே 9503 சுங்கத் தலைப்பில்தான் நம் ஷார்ட் கோர்ஸ் ட்ரக்கும் (எஸ்சிடி) வருகிறது. அதன்மேல் 18 சதவீத ஐஜிஎஸ்டி. இறக்குமதி மதிப்பு 100 ரூபாய் என்றால், வரிகள் போட்டு முடிக்கும்போது 200 ரூபாய் 60 காசு. கூரியர்காரரின் கையாளும் கட்டணம் தனி.

பட்ஜெட் வந்த நாளிலிருந்து ஒரே கேள்வி: இனி எந்த ஆர்டிஆர் (பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஓடும் வண்டி) வாங்குவது? பதில் மாறவில்லை, அழுத்தம்தான் கூடியிருக்கிறது. பெட்டியில் அச்சிட்ட வேகத்தைப் பார்க்காதீர்கள், உதிரி பாகப் பட்டியலைப் பாருங்கள். 2008-இல் வந்த ஸ்லாஷ் 2டபிள்யூடி இன்றும் புதியவருக்கு நான் சொல்லும் முதல் வண்டி. அது ஓடும் விதம் ஒன்றும் பிரமாதமில்லை. உயரமான சேஸி, மூலையில் சாயும். பிரஷ்டு டைட்டன் 12டி மோட்டார் வேறு. ஆனால் அதன் கியர்பாக்ஸ்தான் ரஸ்ட்லரிலும் ஸ்டாம்பீடிலும் பேண்டிட்டிலும் இருக்கிறது. கிளப்பில் பத்துப் பேர் இருந்தால் யாரோ ஒருவரின் பெட்டியில் உங்களுக்கு வேண்டிய பாகம் கிடக்கும். பிரஷ்லெஸ், நாலு வீல் டிரைவ் என்று ஆசைப்பட்டு, ஊரில் வேறு யாரிடமும் இல்லாத பிராண்டை எடுத்தவர் பந்தயத்தின் இரண்டாவது ஹீட்டிலேயே பார்வையாளர் ஆகிவிடுகிறார்.

உடைவது எப்போதும் அதே இடம்தான். டபுள் ஜம்ப்பில் மூடிய பாடி காற்றை அள்ளி மூக்கைத் தூக்கும். பிரேக் தட்டி இறக்கினால் முன் வலது சக்கரம் பாதையோர மூலைக் குழாயில் மோதும். பம்பர் தப்பிக்கும், சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஏ-ஆர்ம் தப்பிக்காது. வெளிப்பக்க ஹிஞ்ச் பின் துளையை ஒட்டி, வெள்ளைக் கோடாக ஆரம்பித்து அடுத்த சுற்றில் பிளந்துவிடும். சக்கரம் வெளியே தெரியும் வகுப்புகளில் சக்கரம் சக்கரத்தில் சிக்கும். எஸ்சிடியில் கதவோடு கதவு உரசலாம் என்பதற்காகவே நாம் இதை ஓட்டுகிறோம். அந்த உரசலுக்கு விலை இந்தப் பிளாஸ்டிக் துண்டு.

இந்தத் துண்டைத்தான் அரசாங்கம் குறிவைத்திருக்கிறது என்று சொல்லமாட்டேன். அவ்வளவு யோசித்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். 70 சதவீதம் பொம்மைகளுக்கும் பொம்மைப் பாகங்களுக்கும், மின்னணு பொம்மைகளின் பாகங்கள் நீங்கலாக. சரி, லிபோ பேட்டரியிலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிசீவரிலும் ஓடும் ட்ரக்கின் ஏ-ஆர்ம் எந்தப் பக்கம்? அதில் கம்பி இல்லை, சிப் இல்லை. ஆனால் இத்தகைய மின்னணு வண்டி தவிர வேறு எந்தப் பொம்மையிலும் அது பொருந்தாது. இதற்கு விடை சட்டத்தில் இருக்க வேண்டும். கவுண்டரில் அன்று யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதில் இருக்கக் கூடாது. ஒரு சரக்கு அலுவலகத்தில், பெயர் வேண்டாம், இரண்டு ஜோடி ஆர்ம் வைத்த உறைக்கு என்னிடம் பிஐஎஸ் தரச் சான்றிதழ் கேட்டார்கள். எதற்கு என்றேன். "பொம்மைதானே சார்" என்றார்கள்.

2021 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள பொம்மைத் தரக்கட்டுப்பாட்டு ஆணையின் நோக்கத்தில் எனக்குச் சண்டை இல்லை. குழந்தை வாயில் வைக்கும் பொருளில் ஈயம் இருக்கக் கூடாது. ஆனால் அந்த ஆணை 14 வயதுக்குட்பட்டோர் விளையாடுவதற்கான பொருளைப் பற்றியது. ஹாபி-கிரேடு வண்டிகளின் பெட்டியில் பெரும்பாலும் 14 வயதுக்கு மேல் என்றே இருக்கிறது. அதைப் படித்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்துக்காக எத்தனை மனு, எத்தனை தொலைபேசி! உள்நாட்டுத் தொழிலைக் காக்கவே வரி என்கிறார்கள். எஸ்சிடி ஆர்ம் வார்க்கும் தொழிற்சாலை எந்த ஊரில் இருக்கிறது என்று காட்டட்டும், முதல் ஆர்டர் இந்தப் பத்திரிகையுடையது.

அதுவரை கிளப்புகள் ஒன்று செய்யலாம். ஸ்டாக் ஸ்லாஷ் வகுப்பில் மோட்டார், இஎஸ்சி, டயர் மூன்றையும் பூட்டி வையுங்கள். ஹார்டு கேஸ் 2எஸ் லிபோ மட்டும் அனுமதியுங்கள். ஆனால் ஆர்பிஎம் நிறுவனத்தினுடையது போன்ற நைலான் ஆர்ம்களைத் தடுக்காதீர்கள். 'பாக்ஸ் ஸ்டாக் என்றால் பாக்ஸ் ஸ்டாக்தான்' என்று டெக் சோதனை மேசையில் நிற்பவர்கள், வளையும் ஆர்ம் வண்டியை வேகமாக்காது என்பதை அறியாதவர்கள் அல்ல. மூன்று ஹீட்டும் ஒரு மெயினும் ஒரே ஆர்மில் முடித்தால் போதும் என்பதுதான் இன்றைய நிலை. வீட்டு 3டி பிரிண்டரை நம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பம்பர் மவுன்ட்டுக்குச் சரி, ஆர்முக்கு வேண்டாம். அடுக்கு அடுக்காகப் பிரிந்துவிடும்.

வாசகர்களிடம் ஒரு கோரிக்கை. கடந்த மூன்று ஆண்டுகளில் உதிரி பாகம் இறக்குமதி செய்தவர்கள், எந்தத் தலைப்பில் எத்தனை சதவீதம் போட்டார்கள் என்று தெரியும் சுங்க ரசீதின் நகலை எங்களுக்கு அனுப்புங்கள். பெயரையும் முகவரியையும் மறைத்துவிடுங்கள். நிதியமைச்சகத்துக்குப் போகும் மனுவோடு அவற்றை இணைக்கிறோம்.