இந்தப் பாடல் யாருடையது?



புத்தாண்டு நள்ளிரவு ஆராதனைக்கென்று நம் பெங்களூரு நகரத்தின் தமிழ்ச் சபையொன்றில் நான்கு வாலிபர் சேர்ந்து ஒரு பாடலை உண்டாக்கினார்கள். கீபோர்டு வாசிக்கும் தம்பி மெட்டைக் கொண்டுவந்தார். பல்லவியை அவரும் டிரம்ஸ் வாசிக்கிறவரும் சேர்ந்து அமைத்தார்கள். இரண்டு சரணங்களையும் பாடற்குழுவிலுள்ள ஒரு தங்கை எழுதினார். பாடல் நன்றாகவே அமைந்தது. சபையார் எழுந்து நின்று பாடினார்கள். ஜனவரியில் அது யூடியூபில் ஏற்றப்பட்டபோது, ‘பாடல், இசை’ என்னுமிடத்தில் ஒரே ஒரு பெயர் இருந்தது. அதன்பின் அந்தத் தங்கை பயிற்சிக்கு வரவில்லை. யாரிடமும் குறை சொல்லவுமில்லை.

அந்தச் சபையின் போதகர் என்னை அழைத்து, “நீங்கள் பாட்டுக்காரர்களோடு பழகினவர், வந்து பேசுங்கள் ஐயா” என்றார். சனிக்கிழமை மாலை போனேன். தங்கையும் தாயாரோடு வந்திருந்தார். பாடல் யாருடையது என்று நான் கேட்கவில்லை. அது எப்படிப் பிறந்தது என்று கேட்டேன். அதைச் சொல்லத் தொடங்கினவுடன் எல்லாருடைய முகமும் மலர்ந்தது.

மெட்டு முந்தியா, சொல் முந்தியா என்பது பழைய கேள்வி. இரண்டு வழியும் உண்டு. 1873-ல் அமெரிக்காவில் ஃபீபி நாப் அம்மையார் தாம் அமைத்த மெட்டை, கண்பார்வையற்ற ஃபேனி கிராஸ்பி அம்மையாருக்கு வாசித்துக்காட்டி, இந்த மெட்டு என்ன சொல்லுகிறது என்று கேட்டார். அப்படிப் பிறந்ததுதான் ‘பிளஸ்ட் அஷ்யூரன்ஸ்’. நம் காலத்திலும், கீத் கெட்டி தம் மெட்டுகளை ஒரு குறுந்தகட்டில் பதிந்து அனுப்ப, ஸ்டூவர்ட் டவுனெண்ட் அதற்குச் சொற்களை எழுதினார். 2001-ல் ‘இன் கிறைஸ்ட் அலோன்’ வெளிவந்தது. ஒருவர் அனுப்புகிறார், மற்றவர் எழுதுகிறார். எது யாருடையது என்பதில் குழப்பமில்லை.

இசைக்குழுக்களுக்கு மூன்றாம் வழி ஒன்று உண்டு. 1996 முதல் இந்நகரத்தில் சொந்தப் பாடல்களை வாசித்து வந்திருக்கிற தர்மல் அண்ட் எ குவாட்டர், கணினித்துறை வேலைக்காரர்கள் 2003-ல் தொடங்கிய அகம் போன்ற குழுக்களின் பெயரை நம் பிள்ளைகளும் அறிவார்கள். குழுவாக வாசிக்கிறவர்கள் ஒரே அறையில் கூடி, ஒருவர் நான்கு கார்டுகளைத் திரும்பத் திரும்ப வாசிக்க, பேஸ் கிட்டார்காரர் வேறொரு சுரத்தில் இறங்க, டிரம்ஸ்காரர் தாளத்தை மாற்ற, பாடுகிறவர் சொல்லில்லாமல் தத்தகாரமாய் எதையோ முனக, அரைமணி நேரத்தில் ஒரு மெட்டு நிற்கிறது. அதை முதலில் யார் சொன்னார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. இவ்வாலிபர்களின் பல்லவியும் அப்படித்தான் பிறந்திருந்தது.

சரணத்தின் கதை வேறு. தமிழில் மெட்டுக்குச் சொல் வைப்பது எளிதல்ல. மெட்டு நீளுகிற இடத்தில் குறில் வந்தால் ‘மனம்’ என்பது ‘மானம்’ ஆகிவிடும். ‘கரம்’ என்பது ‘காரம்’ ஆகிவிடும். இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படித்தவர்கள் தமிழ்ப் பாடலை ஆங்கில எழுத்திலே எழுதிக்கொள்ளுகிறார்கள். அவ்வெழுத்தில் ‘வழி’யும் ‘வலி’யும் ஒன்றாகவே நின்றுவிடுவதுண்டு. கீபோர்டு தம்பி முதலில் எழுதிவைத்த வரியைப் பாடினபோது, ஆண்டவருடைய வழியில் நடப்பதாகச் சொல்லவேண்டிய சபை அவருடைய வலியில் நடந்துகொண்டிருந்தது! தர்மபுரிப் பக்கத்திலிருந்து வந்த தாயாரிடம் வீட்டிலே தமிழ் படித்த அந்தத் தங்கைதான் அதைக் கண்டுபிடித்து, இரண்டு சரணங்களையும் நெடில் விழவேண்டிய இடத்தில் நெடில் விழும்படி புதிதாக எழுதினார். அதற்கு மூன்று வாரமாயிற்று. இதைக் கீபோர்டு தம்பியே சிரித்துக்கொண்டு எனக்குச் சொன்னார். சொல்லி முடித்ததும் சற்று நேரம் பேசாமலிருந்தார்.

பிறகு, “மகிமை தேவனுக்குத்தானே அங்கிள், பெயர் எதற்கு?” என்றார். இவ்வார்த்தையை நம் சபைகளில் அடிக்கடி கேட்கிறேன். தன் பெயர் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறவர்தான் இதை மிக எளிதாகச் சொல்லுகிறார் என்பதையும் கவனித்திருக்கிறேன்.

சங்கீதங்களின் தலைப்புகளைப் பாருங்கள். 12 சங்கீதங்கள் ஆசாபின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. 11 சங்கீதங்களில் தனி ஆளின் பெயரில்லாமல் கோராகின் புத்திரர் என்னும் கூட்டத்தின் பெயரே இருக்கிறது (88-ஆம் சங்கீதத்தில்மட்டும் ஏமானின் பெயரும் சேர்ந்திருக்கிறது). 1 நாளாகமம் 25-ஆம் அதிகாரத்தில் சுரமண்டலம், தம்புரு, கைத்தாளங்களோடு சேவித்த பாடகர்கள் 288 பேர் என்று எண்ணப்பட்டு, அவர்களின் தலைவர்கள் பெயர்பெயராய்க் குறிக்கப்பட்டிருக்கிறார்கள். நம் தமிழ்க் கீர்த்தனை மரபிலும் கடைசிச் சரணத்தில் பாடினவர் தம் பெயரையோ முத்திரையையோ வைப்பதுண்டு. 1853-ல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் ஐயர் கிறிஸ்தவக் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபோது, தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் பாடல்களுக்கு அதில் பெரும் இடம் கிடைத்தது. சாஸ்திரியார் என்னும் பெயர் இன்றும் நம் வாயில் இருக்கிறதே!

வாலிபர்களுக்கு உலகத்துக் கதையொன்றையும் சொன்னேன். 1967-ல் இங்கிலாந்தில் புரோகோல் ஹாரம் என்னும் குழுவின் ஒரு பாடல் உலகமெங்கும் பரவியது. அதன் தொடக்கத்தில் வரும் ஆர்கன் இசைதான் கேட்டவர்கள் நெஞ்சில் நின்றது. அதை அமைத்து வாசித்தவர் மேத்யூ ஃபிஷர். பாடலில் இருந்ததோ வேறிருவர் பெயர். 38 ஆண்டுகள் கழித்து, 2005-ல் அவர் வழக்குத் தொடுத்தார். 2006-ல் உயர்நீதிமன்றம் இசையில் அவருக்கு 40 சதவீதப் பங்கு உண்டு என்றது; மேல்முறையீடுகளைக் கடந்து, 2009-ல் பிரபுக்கள் சபை அவர் பங்கை உறுதிசெய்தது. ஒன்றாய் வாசித்தவர்கள் முதிர்ந்த வயதில் நீதிமன்றத்தில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் சொற்களை ஒரு படைப்பாகவும் மெட்டை வேறொரு படைப்பாகவும் பார்க்கிறது. இருவர் பங்கைப் பிரித்துக் காட்டமுடியாதபடி கலந்திருந்தால் அது கூட்டுப் படைப்பு. அவர்களில் கடைசியாக மரிக்கிறவருக்குப் பின் 60 ஆண்டுகள் உரிமை நிற்கும். பிறருடைய பாடலை உண்மையான மதச் சடங்கில் பாடி வாசிப்பதற்குச் சட்டமே விலக்களிக்கிறது. பதிவுசெய்து இணையத்தில் ஏற்றுவது வேறு காரியம். இதைக் கேட்டபோது போதகர் தம் குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

அப்போதுதான் தங்கை வாய்திறந்தார். “என் பெயர் வேண்டாம் அங்கிள். எங்கள் நான்கு பேர் பெயரையும் எடுத்துவிட்டு, குழுவின் பெயரை மட்டும் போட்டிருந்தால் எனக்கு ஒன்றுமில்லை.”

கோராகின் புத்திரர் வழியும் வேதத்தில் உள்ள வழிதானே! ஆனாலும் கீபோர்டு தம்பி அதற்கு ஒப்பவில்லை. வலியை வழியாக்கினது யார் என்று சபைக்குத் தெரியவேண்டும் என்றார். முடிவில், பல்லவி இருவருடையது, சரணம் தங்கையுடையது, மெட்டு தம்பியுடையது, இசையமைப்பு நால்வருடையது என்று யூடியூபில் திருத்தி எழுதினார்கள். அதோடு ஒரு கோடு போட்ட நோட்டும் வாங்கினார்கள். புதுப் பாடல் தொடங்கும் நாளில் தேதியையும் அறையில் இருந்தவர்கள் பெயரையும், முடிகிற நாளில் யார் எதைச் செய்தார் என்பதையும் அதில் எழுதுவதாக ஏற்பாடு.

சென்ற மாதம் அந்த நோட்டைப் பார்த்தேன். இரண்டாம் பக்கத்தில் ஈஸ்டர் பாடலொன்று பாதியில் நிற்கிறது. அறையில் இருந்தவர்கள் பட்டியலில் ஐந்தாவதாக, தங்கையினுடைய தாயாரின் பெயர் இருந்தது.