கடல் கடக்கும் துப்பாக்கியும் மலை இறங்காத துப்பாக்கியும்

வேட்டை இலக்கியத்தின் மீது தமிழ் வாசகர்களாகிய நமக்குள்ள பிரியம் இன்று நேற்று வந்ததன்று. தி.ஜ.ர. தமிழாக்கித் தந்த ஜிம் கார்பெட்டின் குமாயுன் புலிகளோடு இரவு முழுக்கக் கண் விழித்தவர்கள் நம்மில் பலர். கென்னத் ஆண்டர்சனின் புத்தகங்களோ இன்னும் நெருக்கமானவை. பென்னாகரமும் சின்னாற்றங்கரையும் அவர் பக்கங்களில் வரும்போது, நம் பக்கத்து ஊரைப் பற்றி ஓர் அந்நியர் சொல்லக் கேட்கும் கிளர்ச்சி நமக்குண்டு. இவ்வகைப் புத்தகங்களில் துப்பாக்கி வெறும் கருவியாக நிற்பதில்லை. அதற்குப் பெயர் உண்டு, பிறந்த ஊர் உண்டு, வரலாறும் உண்டு. ஆண்டர்சனின் .405 வின்செஸ்டரை அவருடைய வாசகர்கள் ஒரு நண்பரைப் போல அறிவார்கள்.

அதே மலைத்தொடர்களிலிருந்து இன்னொரு வகை எழுத்தும் நமக்கு வந்துகொண்டேயிருக்கிறது. நாளிதழின் உள்பக்கத்தில் நான்கு வரி: ‘கல்வராயன் மலையில் கள்ளத் துப்பாக்கி வைத்திருந்தவர் கைது.’ அந்தத் துப்பாக்கிக்குப் பெயர் இல்லை, வரலாறும் இல்லை. அதை வைத்திருந்தவருக்கு வயதும் ஊரும் மட்டும் உண்டு. முதல் வகையை இலக்கியமாகவும் இரண்டாம் வகையைக் குற்றச் செய்தியாகவும் வாசிக்க நாம் பழகிவிட்டோம். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே நாம் சொல்ல வருவது.

முதலில் கடல் கடக்கும் துப்பாக்கியைப் பார்ப்போம். சம்பாவத் ஆட்கொல்லிப் பெண்புலியை வீழ்த்தியதற்காக 1907ல் ஐக்கிய மாகாண லெப்டினன்ட் கவர்னர் ஜான் ஹியூவெட் கார்பெட்டுக்குப் பரிசளித்த துப்பாக்கி, லண்டன் ரிக்பி நிறுவனம் செய்த .275 ரைஃபிள். கார்பெட் 1947ல் கென்யாவுக்குக் குடிபெயர்ந்து 1955ல் அங்கேயே காலமானார். துப்பாக்கி அவருடைய பதிப்பாளரான ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் வசம் நெடுங்காலம் இருந்தது. பின்னர் அதைச் செய்த நிறுவனத்திடமே திரும்பியது. 2016ல் ரிக்பி நிறுவனத்தார் அதை இந்தியாவுக்கு எடுத்து வந்து குமாயுன் மக்களுக்குக் காட்டினார்கள். ஓர் எழுத்தாளரின் பேனாவைப் பார்ப்பதுபோல் ஒரு துப்பாக்கியைப் பார்க்க மக்கள் கூடினார்கள். இதைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. நாம் அங்கு இருந்திருந்தால் நாமும் வரிசையில் நின்றிருப்போம்.

வேட்டைத் துப்பாக்கியோடு நாடு விட்டு நாடு போவது இன்றும் உலகில் நடைமுறையில் உள்ள காரியம்தான். தென்னாப்பிரிக்காவுக்கும் நமீபியாவுக்கும் வேட்டைக்குச் செல்லும் அமெரிக்கரும் ஐரோப்பியரும் தத்தம் துப்பாக்கிகளை எடுத்துச் செல்கிறார்கள். துப்பாக்கியில் குண்டு இருக்கலாகாது. பூட்டிய கெட்டியான பெட்டியில் அது விமானத்தின் சரக்கறைக்குப் போக வேண்டும். தோட்டாக்களைத் தனியே கட்ட வேண்டும். பயணி ஒருவருக்கு ஐந்து கிலோ வரையில்தான் அனுமதி. தென்னாப்பிரிக்கக் காவல்துறையிடம் தற்காலிக இறக்குமதிக்கென்றே ஒரு படிவம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் சுற்றுவதற்குத் துப்பாக்கிக்கென ஒரு கடவுச்சீட்டே உண்டு. இத்தனை விதிகளுக்கும் அடியில் இருக்கும் கொள்கை ஒன்றுதான்: துப்பாக்கி இருப்பதை மறைக்காமல் சொல்பவன் குற்றவாளி அல்லன். அவன் எண்ணைச் சொல்கிறான், நோக்கத்தைச் சொல்கிறான், கையொப்பமிடுகிறான்; அதிகாரி சரிபார்த்து வழிவிடுகிறார். மறைப்பவன்தான் பிடிபட வேண்டியவன்.

இந்தியச் சட்டத்திலும் இந்தக் கொள்கை உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், பத்தாவது பிரிவில், வெளிநாட்டிலிருந்து ஆயுதம் கொண்டுவர உரிமம் வேண்டும் என்று விதித்துவிட்டு, உடனே ஒரு விலக்கையும் தருகிறது. மத்திய அரசு அறிவிக்கும் நாடுகளைச் சேர்ந்த மெய்யான சுற்றுலாப் பயணி, விளையாட்டு நோக்கத்துக்கு மட்டும், நியாயமான அளவில், உரிமம் இல்லாமலே தன் துப்பாக்கியையும் தோட்டாவையும் கொண்டு வரலாம். ஆறு மாதத்துக்கு மிகாமல் வந்து போகிறவரே அந்தப் பயணி என்ற விளக்கமும் அங்கேயே இருக்கிறது. 1878ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஐரோப்பியருக்கு விலக்கும் இந்தியருக்கு உரிமக் கட்டாயமும் இருந்த காலத்தின் எதிரொலி இதில் கேட்கிறது என்று சொன்னால் அது மிகையாகாது. இந்த விலக்கு எழுதப்பட்ட காலத்தில் மத்திய இந்தியக் காடுகளில் ‘ஷிகார்’ நிறுவனங்கள் டாலருக்குப் புலி வேட்டை நடத்திக்கொண்டிருந்தன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1970ல் புலி வேட்டை தடை செய்யப்பட்டது. 1972ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதில் எஞ்சியிருந்த வேட்டை உரிமங்களும் 1991ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு போயின. வேட்டைக்கு வரும் பயணி இல்லாமல் போனார். அவருக்காக எழுதிய விலக்கு மட்டும் ஏட்டில் இருக்கிறது.

இனி மலை இறங்காத துப்பாக்கிக்கு வருவோம். கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கச்சிராயபாளையத்தை ஒட்டிய வடக்கனந்தலில் நின்றால் கல்வராயன் மலை கண்ணெதிரே எழுந்து நிற்கும். அடிவாரத்தில் கோமுகி அணை. அதைத் தாண்டி மேலேறும் சாலை வெள்ளிமலைக்குப் போகிறது. கீழே நெல்லும் கரும்பும். மேலே மரவள்ளியும் சாமையும் ராகியும். மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் 1976 வரை சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்களின் கீழ் இருந்தவர்கள். நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்தே அரசாங்கம் நேரடியாக அவர்களிடம் வந்து சேர்ந்தது.

அவர்களிடம் இருந்ததும், அவர்களில் சிலரிடம் இன்னும் இருப்பதும் ஒற்றைக் குழல் நாட்டுத் துப்பாக்கி. குழல்வாய் வழியே கருமருந்தைக் கொட்டி, குச்சியால் கெட்டித்து, ஈயக் குண்டோ இரும்புக் குண்டோ இட்டுச் சுடுவது. ஒரு முறை சுட்டால் மறுமுறை கெட்டிக்க நேரம் ஆகும். மழையில் மருந்து நனைந்தால் வேலைக்கு ஆகாது. ரிக்பியின் வேலைப்பாட்டில் நூற்றில் ஒரு பங்கும் இதில் இல்லை. ஆயினும் இதற்கும் ஒரு நோக்கம் உண்டு. அறுவடைக்கு முந்தைய இரவுகளில் மரவள்ளிக் காட்டைக் கிளறிப் போடும் காட்டுப்பன்றியைக் கண்டவருக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

இங்கேதான் நாம் வாசகர்களின் கவனத்தைக் கோருகிறோம். இந்தத் துப்பாக்கியையும் 1959ஆம் ஆண்டுச் சட்டம் அறியும். அதன் பதின்மூன்றாவது பிரிவு, பயிர்க் காவலுக்கெனக் குழல்வாய் வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு விண்ணப்பிக்கும் குடிமகனுக்கு, தகுந்த விசாரணைக்குப் பின், உரிமம் வழங்கப்பட வேண்டும் என்றே சொல்கிறது. அது போதாது என்று அதிகாரி கருதினால் மேலான துப்பாக்கிக்கும் உரிமம் தரலாம் என்கிறது. சட்டம் எழுதியவர்கள் உழவனையும் பன்றியையும் மறக்கவில்லை. ஆனால் அந்தப் பிரிவுக்கும் வெள்ளிமலைக்கும் நடுவில் நெடுந்தூரம் இருந்தது. உரிமம் தரும் மாவட்ட ஆட்சியர் 1993 வரை கடலூரில் இருந்தார், பிறகு விழுப்புரத்தில். 2019 நவம்பரில்தான் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. மலையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு அப்பால் போய் எழுத வேண்டிய விண்ணப்பமும், மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தலும், மலையின் கொல்லர் உலையில் செய்த துப்பாக்கிக்கு என்ன பொருள் தந்திருக்கும்? அந்த 2019லேயே வந்த சட்டத் திருத்தம் உரிமக் காலத்தை ஐந்தாண்டாக நீட்டியது. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பவருக்கான குறைந்தபட்சத் தண்டனையையும் ஓராண்டிலிருந்து இரண்டாண்டாக உயர்த்தியது.

காவல்துறை அவ்வப்போது கெடு வைத்து, துப்பாக்கிகளைத் தாமாக ஒப்படைப்பவர் மீது வழக்கில்லை என்று அறிவிப்பதுண்டு. அப்போது துப்பாக்கிகள் வந்து சேரும் விதம் நம் கவனத்துக்குரியது. ஊருக்குப் பொதுவான இடத்திலும் புதரோரத்திலும் யாருடையது என்று தெரியாமல் அவை கிடக்கும். உரியவன் முன்வந்து ‘இது என்னுடையது, இதற்காக வைத்திருந்தேன்’ என்று சொல்வதில்லை. விமான நிலையத்தில் வழிவிடும் அதே வாக்கியம், மலையில் குற்ற ஒப்புதலாகிவிடும் என்பது அவனுக்குத் தெரியும். அச்சம் தீர்க்காத அறிவிப்பினால் இரும்பு கைக்கு வரலாம். அது யாரிடம், எதற்காக இருந்தது என்ற செய்தி ஒருநாளும் வராது.

இவ்விடத்தில் பழைய பாடல் ஒன்றை நினைவூட்டத் தோன்றுகிறது. பத்துப்பாட்டில் கூத்தராற்றுப்படை என்றும் பெயர் பெற்ற மலைபடுகடாம், கல்வராயனுக்கு வடக்கே செங்கம் பகுதியை ஆண்ட நன்னனிடம் செல்லும் கூத்தருக்கு வழி சொல்லும் பாட்டு. பன்றிக்காகப் புனத்தருகே வைத்த பொறிகளை இருளில் அறியாமல் மிதித்துவிடக் கூடும், விடிந்த பிறகு போங்கள் என்கிறது. புனம் காப்போர் யானையை விரட்ட எறியும் கவண்கல் உங்கள் மேல் பட்டுவிடக் கூடும், பார்த்துப் போங்கள் என்கிறது. மலைக்காரனின் ஆயுதம் வழிப்போக்கனுக்கு ஆபத்தானது என்பதைப் பெருங்கௌசிகனார் மறைக்கவில்லை. ஆனால் அது எதற்காக அங்கே இருக்கிறது என்பதையும் மறைக்கவில்லை. நான்கு வரிச் செய்தியில் நாம் இழந்தது இந்த இரண்டாவது பாதியைத்தான்.

நாம் நாட்டுத் துப்பாக்கிக்குப் புகழ் பாடுவதாக யாரும் கருத வேண்டாம். அது வெடித்துக் கை இழந்தோர் உண்டு. விலங்கென்று எண்ணி மனிதரைச் சுட்டதும், குடும்பச் சண்டையில் அது வெளியே வந்ததும் உண்டு. மானையும் முயலையும் சுட்டு விற்கும் கூட்டம் அதைப் பயன்படுத்துகிறது. காட்டுயிர் காக்கப்பட வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாம் கருத்து இல்லை. எனினும், பயிர் காக்கும் வழிகள் எல்லாம் அடைபடும்போது உழவன் வேறு எதை நாடுகிறான் என்பதையும் பார்க்க வேண்டும். வேலியில் திருட்டு மின்சாரம், பழத்துக்குள் வெடிமருந்து வைத்த அவுட்டுக்காய். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. துப்பாக்கிக்குப் பதிலாகத்தான் அந்த வேலி வந்தது என்று நாம் சொல்லவில்லை. மின்வேலி பன்றியையும் யானையையும் குழந்தையையும் பிரித்தறியாது என்று மட்டும் சொல்கிறோம்.

அரசும் இந்த இக்கட்டை அறியாமல் இல்லை. கேரளம் 2022ல் காட்டுப்பன்றியைச் சுட அனுமதிக்கும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு அளித்து, உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்களைப் பயன்படுத்தத் தொடங்கியது. தமிழகம் 2025 ஜனவரியில் வேறொரு வழியை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைக் கொல்லக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடலாம். அதற்கு அப்பால் வனத்துறையினரே சுடலாம். காட்டுயிர் நோக்கில் இந்தப் பகுப்பில் நியாயம் இருக்கிறது. ஆனால் காட்டின் நடுவிலேயே கொல்லை வைத்திருக்கும் மலைக்காரன் எப்போதும் முதல் வட்டத்துக்குள்தான் இருப்பான். சமவெளிக் கரும்புக்குக் கிடைக்கும் காவல் அவனுடைய மரவள்ளிக்குக் கிடைக்காது. அவனுக்கு மிஞ்சுவது இழப்பீடு கோரும் மனு ஒன்றுதான்.

ஆகவே நாம் கேட்பது பெரிய சலுகை அன்று. வெளிநாட்டுப் பயணிக்குச் சட்டம் காட்டும் மரியாதையை மலைக்காரனுக்கும் காட்ட வேண்டும் என்பதே. வைத்திருப்பவன் அச்சமின்றி முன்வந்து சொல்ல ஓர் இடம் வெள்ளிமலையிலேயே வேண்டும். சொன்னவனுடைய துப்பாக்கியைப் பரிசோதித்து, ஆபத்தானதை வாங்கிக்கொண்டு, பயிர்க் காவலுக்கு உண்மையாகவே தேவைப்படுவோரின் விண்ணப்பத்தைப் பதின்மூன்றாவது பிரிவின்படி அங்கேயே எழுதி வாங்க வேண்டும். உரிமம் கிடைப்பதால் பன்றியைச் சுடும் உரிமை வந்துவிடாது. அதற்கு வன உயிரினச் சட்டத்தின் அனுமதி தனியே வேண்டும். வானை நோக்கிச் சுட்டு விரட்டவாவது அது உதவும். கொடுக்க முடியாது என்று அரசு முடிவு செய்தால் அதையும் ஏற்கலாம். ஆனால் அப்போது வேலியும் இழப்பீடும் அந்தப் பருவத்துக்குள் வந்து சேர வேண்டும். ஆயுதத்தைக் கீழே வைக்கச் சொல்பவன் காவலைத் தன் தோளில் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது ஆட்சியின் பழைய இலக்கணம்.

வாசகர்களாகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. ஆண்டர்சனின் புத்தகங்களில் ரங்கா, பைரா என்று இருவர் வருகிறார்கள். இருவரும் கள்ள வேட்டையாடிய காட்டு மனிதர்கள். ஆண்டர்சன் அதை ஒளிக்காமல் எழுதினார். காட்டைத் தமக்குக் கற்பித்தவர்களாகவும் அவர்களை எழுதினார். வின்செஸ்டரை நினைவில் வைத்துக்கொண்ட நாம் பைராவை மறந்துவிட்டோம். அவனுடைய வம்சத்தவரைப் போன்றோர் இன்றும் நம் மலைகளில் இருக்கிறார்கள், நான்கு வரிச் செய்திகளில் மட்டும். அவர்களைப் பற்றி ஐந்தாவது வரியை எழுத ஒரு வெள்ளைக்காரர்தான் வர வேண்டும் என்றில்லை.