தின்று தீராத கீரை

களைக்கு மருந்து மண்வெட்டி அல்ல, சட்டி என்கிறார்கள். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ மொட்டைமாடியில் நாலு சாடி வைத்திருப்பவர்கள் கூடினால் இந்தப் பேச்சு வராமல் போவதில்லை. பரவித் தொல்லை தருகிற செடி எதுவானாலும் பிடுங்கு, கழுவு, தேங்காய்ப்பூப் போட்டு வறை. வயிறும் நிறையும், களையும் குறையும். 2022 நெருக்கடியில் அரச ஊழியர்களுக்கு வீட்டுத்தோட்டம் செய்யவென்று வெள்ளிக்கிழமை லீவு கொடுத்த காலத்தில் இந்த யோசனைக்கு இன்னும் மவுசு கூடியது. வெளிநாட்டிலும் இதற்கு ஆள் இருக்கிறது. வந்தேறி உயிர்களைத் தட்டில் வைத்தே வெல்லலாம் என்று அமெரிக்க உயிரியலாளர் ஜோ ரோமன் போன்றவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள்.

செலவில்லை, நஞ்சு தெளிக்கத் தேவையில்லை, இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு கறியும் ஆயிற்று. இப்படி ஒரு யோசனையை யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் கொழும்பைச் சுற்றி நடந்ததைப் பார்த்தால் கதை தலைகீழாக இருக்கிறது. நம் நாக்கு ஒரு களையையும் ஒழித்ததாகத் தெரியவில்லை. களையை ஊர் ஊராகக் கொண்டுபோய் நட்டதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

அவர்கள் சொல்வதை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முன்னோர் களையைத் தின்றுதான் அடக்கினார்கள் என்பது முதல் வாதம். சாரணையை நாம் எத்தனை தலைமுறையாகத் தின்கிறோம்? குப்பைக்கீரையை? இரண்டும் இன்றைக்கும் மதில் ஓரத்தில் ஒரு மழைக்கே தலைகாட்டுகின்றன. தின்று ஒழிக்க முடியும் என்றால் இந்த இரண்டும் எப்போதோ அருங்காட்சியகத்துக்குப் போயிருக்க வேண்டும். மனிதன் தேடித் தின்று அருகிப்போன செடிகளும் உண்டுதான். நீரிழிவுக்கு நல்லதென்று வேரோடு தோண்டப்படும் கொத்தலாஹிம்புட்டு அப்படிப்பட்டது; வளர்வதற்கு ஆண்டுக்கணக்கு எடுக்கும் கொடி அது. மெதுவாக வளர்வதை நம் தேவை தீர்த்துவிடும். வேகமாக வளர்வதை அதனால் ஒன்றும் செய்ய முடிவதில்லை. வேகமாக வளராத ஒன்றைக் களை என்று யாரும் சொல்வதுமில்லை.

எல்லோரும் சேர்ந்து பறித்தால் குறையத்தானே வேண்டும் என்பார்கள் அடுத்து. கங்குன் பயிரிடுகிறவரைக் கேட்டால் சிரிப்பார். வெட்ட வெட்டக் கிளைப்பதுதான் அவருடைய பிழைப்பு. கீரை பறிப்பது என்றால் நுனியை நுள்ளுவது. நுனி போனால் கீழே உறங்கிக்கொண்டிருந்த மொட்டுகள் எழும்பும். ஒரு நுனி இருந்த இடத்தில் இரண்டு, மூன்று வரும்.

இந்த வாதம் பொன்னாங்காணியைப் போலவே இருக்கும் ஒரு செடியிடம் அடியோடு சரிந்துவிடுகிறது. சிங்களத்தில் கிம்புல் வென்ன என்கிறார்கள். தமிழில் முதலைக்களை என்று வைத்துக்கொள்ளலாம். தென்னமெரிக்காவின் பரானா ஆற்றுப் பகுதிக்கு உரியது. நீரில் பாயாக மிதக்கும், தரையிலும் ஊரும். வந்து சேர்ந்த நாடுகளில் முளைக்கத்தக்க விதையை அது வைப்பதில்லை என்றே சொல்லலாம். தேவையுமில்லை, ஒரு கணு உள்ள தண்டுத் துண்டு போதும். பொன்னாங்காணி ஆயும்போது நாம் என்ன செய்கிறோம்? இலையையும் இளந்தண்டையும் எடுத்துக்கொண்டு, கணுக்கள் நிறைந்த முற்றிய அடித்தண்டை வளவு மூலையிலோ கானிலோ எறிகிறோம். செடி பரவுவதற்கு வேண்டிய பகுதியைத்தான் ஒவ்வொரு சமையலின்போதும் வெளியே அனுப்புகிறோம். தின்கிறவர் கூடக் கூட எறிகிற தண்டும் கூடும்.

இனி மூன்றாவது வாதம். மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் செல்வாக்கு அதிகம். விலை வந்தால் ஆட்கள் தாமாகவே பிடுங்கி விற்பார்கள், சந்தையே களையெடுத்துவிடும் என்கிறது அது. இதற்கு நம்மவர்களே எழுதிவைத்த மறுப்பு ஒன்று இருக்கிறது. அதற்கு அவுஸ்திரேலியா வரை போக வேண்டும்.

முதலைக்களை அங்கே 1946 இல் நியூகாசில் அருகே முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. ஆறுகளை அடைக்கும், பண்ணைகளை மூடும் என்று அஞ்சி, 1999 இல் நாட்டின் மிக மோசமான 20 களைகளின் பட்டியலில் அதையும் சேர்த்தார்கள். அதற்கு முன்பே, 1990களின் நடுப்பகுதியிலிருந்து, களை அதிகாரிகளுக்கு ஒரு புதிர். ஆறும் குளமும் இல்லாத புறநகர்களில், மதிலுக்கு உள்ளே, வீட்டுப் பின்வளவுகளில் இந்தச் செடி பாத்தி கட்டி, தண்ணீர் ஊற்றி, பத்திரமாக வளர்க்கப்பட்டுக் கொண்டிருந்தது. வளர்த்தவர்கள் இலங்கையிலிருந்து குடியேறிய குடும்பங்கள். ஊர்ப் பொன்னாங்காணி என்று நினைத்து ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குத் தண்டு கைமாறி, மாநிலம் மாநிலமாகப் பரவியிருந்தது. லலித் குணசேகரவும் இன்னொருவரும் 2001 இல் இதை ஓர் ஆய்விதழில் விரிவாக எழுதினார்கள்.

அந்தக் குடும்பத்தினர் அதைத் தின்றுகொண்டுதான் இருந்தார்கள், வாரந்தோறும், ஆசையோடு. தின்பதால் களை ஒழியுமென்றால் உலகத்திலேயே முதலில் ஒழிந்திருக்க வேண்டிய இடம் அந்தப் பின்வளவுகள். அங்கே அதற்குக் கிடைத்தது பசளையும் வேலியும். விக்டோரியாவில் கடைசியில் பலன் தந்த உபாயமும் கவனிக்கத்தக்கது. தின்னுங்கள் என்றும் சொல்லவில்லை, வெறுமனே தண்டிக்கவும் இல்லை. அதே குடும்பத்தைச் சேர்ந்த, அந்த மண்ணுக்கே உரிய வேறொரு செடியை மாற்றாகக் கொடுத்து, முதலைக்களையைக் கிண்டி எடுத்துப்போனார்கள். ஊர்க்கீரையின் ருசியை விட்டுக்கொடுக்க முடியாத மனத்தைப் புரிந்துகொண்ட அதிகாரிகள் என்று எனக்கு அவர்கள்மேல் ஒரு மரியாதை.

இங்கே, இலங்கையில், அதே செடி கீரைத் தோட்டங்களில் இருப்பது 1990களின் இறுதியில்தான் தெரியவந்தது. அப்போதும் அது களையாக நிற்கவில்லை. பொன்னாங்காணி என்ற பெயரில் பயிராக நின்றது.

மனிதன் தின்னாவிட்டால் மாட்டுக்கும் பன்றிக்கும் போடலாமே என்பவர்களுக்குச் சீனா பதில் சொல்லும். 1930களில் அங்கே தீவனமாக வந்த முதலைக்களையைப் பிறகு பன்றித் தீவனத்துக்கென்று பரவலாக வளர்த்தார்கள். 2003 இல் சீனா வெளியிட்ட ஆக்கிரமிப்பு உயிர்களின் முதற் பட்டியலில் அது இடம்பிடித்தது. இராமநாதபுரத்துச் சீமைக்கருவேலமும் இதே கதைதான். எத்தனை கரிமூட்டங்கள், எத்தனை லொறிக் கரி! பல பத்தாண்டுகளாக ஒரு தொழிலே அதை நம்பி நடந்தும், 2017 இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அகற்று என்று உத்தரவிட வேண்டியிருந்தது. வெட்டிய மூட்டிலிருந்து தழைக்கும் மரத்தைக் கரிக்காரர் ஏன் வேரோடு கிண்டப்போகிறார்? ஒரு கட்டு இன்ன விலை என்று ஆன அன்றே களை பயிராகிவிடுகிறது. அதை அடியோடு எடுப்பவருக்கு அடுத்த வாரம் விற்க ஒன்றுமில்லை.

கொழும்பின் ஈரநிலங்களுக்காக 2018 இல் இந்த நகரத்துக்கு ராம்சார் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்தது. அந்த ஈரநிலங்களை இன்று நெருக்கிக்கொண்டிருக்கும் மரங்களில் ஒன்று, சிங்களத்தில் வெல் ஆத்தா எனப்படும் சதுப்பு அன்னமுன்னா. நல்ல அன்னமுன்னாவை ஒட்டுவதற்கு அடிக்கட்டையாகக் கொண்டுவந்தார்கள். அதுவும் வாய் ருசி தேடிப் போனதில் வந்த வினை.

இலவசச் சத்துணவு என்பது இன்னொரு வாதம். வெள்ளவத்தைக் கால்வாய் கடலில் விழும் இடத்தில் சற்று நேரம் நின்றவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். கொட்டாஞ்சேனைப் பக்கம் செபஸ்தியன் கால்வாயும் அப்படித்தான். வீட்டுக் கழிவும் பட்டறைக் கழிவும் கலக்கும் நீரில் வேர்விட்ட செடிகள் உலோகங்களை உறிஞ்சித் தமக்குள் சேர்த்துக்கொள்கின்றன. அசுத்த நீரைச் சுத்திகரிக்க ஆகாயத்தாமரையை வளர்ப்பது இந்தக் குணத்துக்காகத்தான். பிலியந்தலைச் சந்தைகளில் வாங்கிய பொன்னாங்காணி, கங்குன் முதலிய கீரைகளைப் பரிசோதித்து 2014 இல் வெளியான ஓர் ஆய்வு, சில மாதிரிகளில் கட்மியம், ஈயம் போன்றவை அனுமதித்த அளவைத் தாண்டியிருந்ததைக் காட்டியது. காசு கொடுத்து வாங்கும் கீரையின் நிலையே இது. கால்வாய் ஓரத்தில் சும்மா பறிப்பதைப் பற்றி என்ன சொல்ல? உப்புத் தண்ணீரில் எத்தனை தரம் அலசினாலும் தண்டுக்குள் ஏறியது இறங்காது.

எனக்குக் கீரை தெரியும், என்னை ஏமாற்ற முடியாது என்கிறவர்களும் உண்டு. பொன்னாங்காணியின் வெள்ளைப் பூ இலைக்கக்கத்தில் காம்பில்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். முதலைக்களையின் பூ இரண்டு மூன்று சென்ரிமீற்றர்க் காம்பில் கடதாசிப் பந்துபோல நிமிர்ந்து நிற்கும். முற்றிய தண்டைக் குறுக்கே வெட்டினால் குழல்போல வெறுமையாக இருக்கும், அதிலும் நீரில் வளர்ந்ததென்றால் நன்றாகத் தெரியும். ஆனால் சந்தைக் கட்டில் பூவும் இராது, முற்றிய தண்டும் குறைவு. பிறகு எதைக்கொண்டு பிரித்தறிவது? வீதியோரங்களில் தரைவிரிப்பாக மஞ்சள் பூப் பூத்துக் கிடக்கும் வெடெலியாவையும் மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று நினைத்துப் பறிப்பவர்கள் உண்டு. அதுவும் அழகுக்காக வந்து பரவிய வெளிநாட்டுச் செடிதான்.

பசளையாக்கலாம், கூடை பின்னலாம் என்பதைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. நன்றாகச் சூடேறாத பசளைக் குவியலுக்குள் கணுத்துண்டு பிழைத்திருந்து, பசளை போகிற இடமெல்லாம் போகும்.

கடைசியாக, வேறு வழி என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சட்டம் மட்டும் போதவில்லை என்பது உண்மை. ஆகாயத்தாமரைக்கு எதிராக 1909 இலேயே இங்கே தனிக் கட்டளைச் சட்டம் வந்தது; நீர்நிலைகளில் அது இன்னும் இருக்கிறது. (யப்பான் விமானங்களை ஏமாற்ற வெள்ளைக்காரன் உலகப்போரில் குளங்களில் போட்டான் என்ற கதையை நம்புகிறவர்கள் அந்த ஆண்டைக் கவனிக்கலாம்.) ஆனால் சல்வீனியாவின் கதை வேறு. 1939 இல் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியல் பகுதிக்கு வந்த அந்த நீர்ப்பன்னம், அங்கிருந்து தப்பி வயல்களையும் வாய்க்கால்களையும் பல பத்தாண்டுகள் மூடிக் கிடந்தது. அதை ஒடுக்கியது பிரேசிலிலிருந்து தேடிக் கொண்டுவந்த, இரண்டு மில்லிமீற்றர் நீளமுள்ள ஒரு கூன்வண்டு. 1980 இல் குயின்ஸ்லாந்தின் மூன்டாரா ஏரியில் விட்டபோது அடுத்த ஆண்டுக்குள் அங்கிருந்த பாயைக் கிட்டத்தட்ட அழித்துவிட்டது. இலங்கையில் 1986 இல் விட்டார்கள். போட்ட ஒரு ரூபாய்க்கு 53 ரூபாய் பலன் என்று 1989 இல் ஒரு பொருளியல் ஆய்வு கணக்கிட்டது. எனவே தின்று தீர்த்த கதை ஒன்று இருக்கத்தான் செய்கிறது. தின்றது சல்வீனியாவைத் தவிர வேறெதையும் தொடாத, அதை நட்டு வளர்க்கத் தெரியாத ஒரு பூச்சி.

முதலைக்களைக்கும் ஒரு வண்டு இருக்கிறது. ஆனால் அது நீரில் மிதக்கும் செடியைத்தான் தின்னும். தரையில் ஊர்வதைச் சீண்டாது. ஆகவே வளவுக்குள்ளும் சாடிக்குள்ளும் வேலை நம்முடையது. கையால் இழுத்தால் அறுந்து பாதி மண்ணுக்குள் நின்றுவிடும். தரையில் வேர் அரை மீற்றருக்கும் கீழே இறங்கியிருக்கும், அந்த ஆழம்வரை கிண்ட வேண்டும். எடுத்ததைக் கறுப்புப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி, கறுத்து அழுகும்வரை வாரக்கணக்கில் வெயிலில் போட வேண்டும். கானில் வேண்டாம், கால்வாயில் வேண்டவே வேண்டாம். சந்தைக் கட்டிலிருந்து தண்டை ஒடித்துச் சாடியில் ஊன்றுவதானால் முதற் பூ வரும்வரை அதிலிருந்து யாருக்கும் தண்டு கொடுக்காதீர்கள். ஆய்ந்த தண்டுகளை எறியுமுன் அடுப்பிலிருந்து இறக்கிய கொதிநீரை அவற்றின் மேல் ஊற்றுங்கள்.