45 நாளில் அழியும் சாட்சி

தேர்தல் ஆணையம் 2025 மே 30 தேதியிட்டு ஒரு கடிதம் அனுப்பியது. தேர்தல் வழக்கு இல்லையென்றால், முடிவு அறிவித்த 45 நாளில் வாக்குச்சாவடி கேமராப் பதிவுகளை அழித்துவிடலாமாம். முன்பு மூன்று மாதம் முதல் ஓராண்டு வரை வைத்திருந்தார்கள். மனுப் போடச் சட்டம் தரும் அவகாசமும் அதே 45 நாள்தான் என்பதால் கணக்கு சரியாக இருக்கிறது என்கிறார்கள். எந்தக் கணக்கு? வாக்காளர் எவரும் மனுப் போடலாம், சரி. எதை வைத்துப் போடுவது? பதிவுகளைத் தரும்படி பஞ்சாப்-அரியானா உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்ன இரண்டு வாரத்துக்குள், 2024 டிசம்பரில், தேர்தல் நடத்தும் விதிகளில் 93-ஆவது விதியைத் திருத்திப் பொதுமக்களுக்கு அந்தக் கதவையும் சாத்தியாயிற்று. ஆதாரம் இல்லாத மனு நிற்காது. மனு இல்லாமல் ஆதாரம் கிடைக்காது. நடுவில் 45 நாள் ஓடிவிடும்.

பதிவைக் கொடுத்தால் யார் வாக்களித்தார், யார் வரவில்லை என்பது வெளியே தெரிந்துவிடும் என்று ஆணையத்தார் வாதிடுகிறார்கள். வாக்குச்சாவடியில் நடப்பது என்ன? முதல் அலுவலர் வாக்காளரின் பெயரையும் வரிசை எண்ணையும் உரக்கப் படிக்கிறார். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பூத் ஏஜென்டுகள் தங்கள் பட்டியலில் டிக் அடித்துக்கொள்கிறார்கள். மதியத்துக்குள் எந்த வீட்டில் யார் பாக்கி என்பது எல்லாக் கட்சிக்கும் தெரியும். கட்சிக்காரர் அறியலாம், குடிமகன் அறியக் கூடாது என்பது என்ன அந்தரங்கம்? பதிவைத் திரித்துப் பரப்புகிறார்கள் என்பது இன்னொரு காரணம். வெட்டி ஒட்டிய துண்டைப் பொய்யென்று காட்ட முழுப் பதிவைவிட வேறென்ன வேண்டும்?

கேமரா பற்றி இவ்வளவு பேச வேண்டியிருப்பதே, மனிதக் கண்ணுக்கு அங்கே இடமில்லை என்பதால்தான். பார்வையாளர் என்றால் பிற மாநில அதிகாரி. நுண் பார்வையாளர் என்றால் மத்திய அரசு அல்லது வங்கி ஊழியர். ஓய்வுபெற்ற திருச்சி பெல் தொழிலாளியோ ஸ்ரீரங்கத்துக் கல்லூரி மாணவரோ சம்பளம் கேட்காமல் உட்கார்ந்து கவனிக்கிறேன் என்றால் விதியில் இடமில்லை. மாணவர்களை அழைப்பது சக்கர நாற்காலி தள்ளத்தான். ஆனால் 2024-இல் 23 நாடுகளிலிருந்து 75 பேரை வரவழைத்து நம் தேர்தலைச் சுற்றிக்காட்டினார்கள். இலங்கையில் பெப்ரல் என்ற தேர்தல் கண்காணிப்பு அமைப்பின் தொண்டர்கள் சாவடிக்குள்ளேயே கவனிக்கிறார்கள். அங்கே வானம் இடிந்து விழவில்லை. தன்னார்வலர் போர்வையில் கட்சிக்காரர் நுழைவார் என்ற அச்சம் நியாயம்தான். கட்சிக்காரர்தான் ஏற்கெனவே உள்ளே இருக்கிறாரே!

'எங்களை நம்புங்கள்' என்று கேட்பவர்களின் பழைய கணக்கு எப்படி? 2024 மக்களவைத் தேர்தலில், ஏப்ரல் 19 இரவு தமிழகத்தில் வாக்குப்பதிவு 72.09 சதவீதம் என்றார்கள், மறுநாள் 69.46 ஆனது, பிறகு 69.72. அந்த முதல் கட்டத்தின் இறுதி விவரம் வர 11 நாள், அதுவும் வெறும் சதவீதமாக. 2016-இல் பணப்பட்டுவாடா என்று அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் தேர்தலை நிறுத்தினார்கள். நவம்பரில் நடத்தியபோது முக்கிய வேட்பாளர்கள் அதே முகங்கள். தண்டனை வாக்காளருக்கு மட்டும், ஆறு மாதம் எம்.எல்.ஏ. இல்லாமல். 2011 தேர்தலின்போது திருச்சி பொன்னகரில் ஆம்னி பஸ் கூரையிலிருந்து 5.11 கோடி ரூபாய் பிடிபட்டதே, அது டெல்லி உத்தரவால் அல்ல. யாரோ கொடுத்த தகவலும் ஒரு பெண் அதிகாரியின் துணிச்சலும்தான்.

அப்படித் தகவல் கொடுக்கக்கூடிய ஊர்க்காரரைத்தான் நூறு மீட்டர் கோட்டுக்கு வெளியே நிறுத்துகிறார்கள். அவர் உள்ளே வர ஏதாவது ஒரு வழி செய்யட்டும். எப்படி என்பதை அவர்களே யோசிக்கட்டும், நேரம் இருக்கிறது. கடிதத்தைத் திரும்பப் பெற அந்த யோசனைகூடத் தேவையில்லை.