4கே முத்திரையும் படத்தின் தெளிவும்

ஃபைலின் பெயரில் 2160பி என்று இருந்தால் படம் தெளிவாக இருக்கும், 1080பி என்றால் ஒரு படி கீழே, எம்பி4-ஐ விட எம்கேவி உசத்தி: வீட்டில் படம் பார்ப்பவர்களிடம் இந்தக் கணக்கு ஆழமாக வேரூன்றிவிட்டது. இதில் உண்மை இல்லாமல் இல்லை. 1080பி படத்தின் ஒரு ஃபிரேமில் ஏறத்தாழ 20.7 லட்சம் பிக்சல்கள். 2160பி, அதாவது 4கே படத்தில் அதைப்போல் நான்கு மடங்கு, அதாவது 83 லட்சம். ஆனால் இந்த எண் பிக்சல்கள் எத்தனை என்று மட்டுமே சொல்கிறது. ஒவ்வொரு பிக்சலைப் பற்றியும் எவ்வளவு தகவல் பதிவாகியிருக்கிறது என்பதைச் சொல்வது பிட்ரேட்.

இரண்டு மணி நேரப் படம் ஒன்று 4கே என்ற பெயரோடு 1.5 ஜிபியில் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் பிட்ரேட் விநாடிக்குச் சுமார் 1.7 மெகாபிட். விநாடிக்கு 24 ஃபிரேம் என்றால், ஏறக்குறைய 120 பிக்சல்களுக்கு ஒரே ஒரு பிட். 1080பி ப்ளூரேயில் 25 மெகாபிட் சாதாரணம். அங்கே இரண்டு பிக்சலுக்கு ஒரு பிட் கிடைக்கிறது. முன்னதில் இருட்டுக் காட்சிகள் கட்டம் கட்டமாக உடைவதும், முகங்கள் மெழுகு பூசியதுபோல் வழவழப்பதும் இந்தப் பற்றாக்குறையால்தான்.

‘இப்போதைய எச்.265 சிறிய ஃபைலிலேயே அதே தரத்தைத் தருமே?’ என்று கேட்கலாம். 2013-இல் வந்த அந்தக் கோடெக் (வீடியோவைச் சுருக்கும் முறை), 2003-இன் எச்.264-க்குத் தேவைப்படும் பிட்ரேட்டில் ஏறக்குறைய பாதியிலேயே அதே தரத்தைத் தரக்கூடியது. பாதி என்பது 25-ஐ 12 ஆக்குமே தவிர, 1.7 ஆக்காது. தவிர, ஏற்கெனவே சுருக்கிய ஃபைலை மறுபடி எச்.265-க்கு மாற்றினால் இழந்தது திரும்பாது. மேலும் கொஞ்சம் போகும். எம்கேவி உசத்தி என்பதும் சரியல்ல: எம்கேவி, எம்பி4 இரண்டும் படத்தையும் ஒலியையும் சப்டைட்டிலையும் சேர்த்து வைக்கும் உறைகள். அதே வீடியோவை ஓர் உறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் ஒரு பிக்சல்கூட மாறாது.

‘ஓடிடியில் 4கே கண்ணுக்கே நன்றாகத் தெரிகிறதே’ என்பது அடுத்த வாதம். தெரிகிறது, உண்மைதான். ஆனால் 4கேவுக்கு அவர்கள் ஒதுக்கும் பிட்ரேட்டும் அதிகம். பெரும்பாலும், ஒளியையும் நிறத்தையும் விரிவாகக் காட்டும் எச்டிஆரும் சேர்ந்து வருகிறது. ஒவ்வொரு நிறத்துக்கும் 8-பிட்டில் 256 படிநிலைகள். எச்டிஆர் பயன்படுத்தும் 10-பிட்டில் 1024. மாலை வானம் பட்டை பட்டையாகப் பிரியாமல் சீராகத் தெரிவதில் இதற்குப் பெரும் பங்கு. தவிர, 2கேயில் முடிக்கப்பட்டு, பிறகு 4கேவாகப் பெரிதாக்கி விற்கப்படும் படங்களும் ஏராளம்.

கண்ணுக்கும் எல்லை உண்டு. 43 அங்குல டிவியை ஐந்தரை அடிக்கு அப்பால் இருந்து பார்த்தால், சராசரிக் கண்ணால் 1080பியின் பிக்சல்களையே பிரித்தறிய முடியாது. பெரிய திரைக்கு அருகில் உட்காருபவருக்கு, பிட்ரேட்டும் போதுமான அளவு இருந்தால், 4கே பயன் தரும். அதைச் சரிபார்ப்பதும் எளிது: மணிக்கு 450 எம்பி என்றால் விநாடிக்கு ஒரு மெகாபிட். ஃபைலின் அளவை இந்த 450-ஆலும் படம் ஓடும் மணிகளாலும் வகுத்தால் பிட்ரேட் கிடைத்துவிடும். பெயரில் உள்ள எண்ணை அதன் பிறகு பார்த்தால் போதும்.