லேட்டானா தப்பா?

போன வாரம் தல்லாகுளம் பஸ் ஸ்டாப்பில், “ஒரு பிளேன் செய்ய இத்தனை வருஷமாடா?” என்று தேஜஸைக் கேலி செய்தான் என் நண்பன். எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு.

நம் விமானப்படையின் சோதனை நிலையம் 1973-ல் கான்பூரிலிருந்து பெங்களூர் வந்தது. சோதனை விமானிகளைப் பழக்கும் பள்ளியும் அங்கேதான். அதே ஓடுதளத்தில் 4.1.2001 அன்று தேஜஸ் முதன்முதலாகப் பறந்தது. வெறும் 18 நிமிடம்! அப்புறம் நாக்பூர் வெயிலில் பறக்கவிட்டார்கள். லடாக் குளிரில் ராத்திரி முழுக்க வெளியே நிறுத்தி, காலையில் என்ஜினைக் கிளப்பிப் பார்த்தார்கள். 2016-ல்தான் படையில் சேர்த்தார்கள். 2018-ல் நம்ம சூலூருக்கு வந்தது. அத்தனை வருஷச் சோதனையில் ஒண்ணுகூட விழலை!

முதலில் விழுந்தது 2024-ல், விமானி தப்பினார். 2025-ல் துபாயில் விழுந்தபோது விமானி இறந்தே போனார். இன்னும் நல்லா சோதிக்கட்டும் என்பதே என் கருத்து. எங்க அண்ணன் விமானப்படைத் தேர்வு எழுதியிருக்கான். அவன் ஏறப்போற பிளேனை யாரும் அவசரமா செய்ய வேண்டாம்.

- பத்தாம் வகுப்பு மாணவன்