மக்தப் ஆசிரியரையும் விசாரித்தே நியமிப்போம்

பாலியல் குற்றவாளிகளின் பட்டியலை அமெரிக்காவில் பொதுமக்களே பார்க்கலாம். இந்தியாவில் 2018 செப்டம்பரில் தொடங்கப்பட்ட தேசியப் பதிவேட்டைக் காவல்துறை மட்டுமே பார்க்க முடியும். அருப்புக்கோட்டைக்கோ திருச்சுழிக்கோ புதிதாய் வருபவரின் பழைய குற்றத்தை நாமாக அறிய வழியில்லை.

ஆயினும், பிள்ளைகளோடு தொடர்ந்து பழகும் நிறுவனங்கள் தம் ஊழியர் அனைவரையும் காவல்துறை மூலம் சரிபார்க்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் போக்சோ விதிகள் கட்டளையிடுகின்றன. தெரிந்தவர் சொன்னார் என்பதற்காகவே வெளியூர் உஸ்தாதை நியமிக்கும் வழக்கத்தை நம் ஜமாஅத்துகள் கைவிட வேண்டும். ஆசிரியர்களாகிய நாமும் இதை அவமதிப்பாகக் கருதலாகாது. பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

முறையிடப்படாத குற்றம் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. 2018-இல் அருப்புக்கோட்டைக் கல்லூரி மாணவியர் துணிந்து முறையிட்டனர். அவர்களைத் தவறான வழிக்கு அழைத்த உதவிப் பேராசிரியைக்கு 2024-இல் திருவில்லிபுத்தூர் நீதிமன்றம் 10 ஆண்டு சிறை விதித்தது.

பிள்ளை வாய்திறந்த பின், பள்ளிவாசலில் பேசி முடித்து ஆளை வேறூருக்கு அனுப்புவது, அவ்வூர்ப் பிள்ளைகளுக்கு இழைக்கும் துரோகம். போக்சோ 19-ஆம் பிரிவின்படி, அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தம் ஊழியரின் குற்றத்தை மறைக்கும் பொறுப்பாளருக்கு 1 ஆண்டு வரை சிறை உண்டு. பிள்ளையின் பெயர் வெளிவராமல் காக்கவும் சட்டம் இருக்கிறது.

பிறர் குறையை மறைப்பது நற்குணம் என்பர் சிலர். அப்போதனை பிள்ளைக்கு இழைத்த அநீதிக்குத் திரையிட அன்று. உறவினருக்கு எதிராயினும் நீதிக்குச் சாட்சி நிற்கச் சொல்கிறது அந்நிஸா அத்தியாயத்தின் 135-ஆம் வசனம்.

அல்லாஹ் நம் பிள்ளைகளைக் காப்பானாக!